ஏழெட்டு ஐம்பத்து நான்கு

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பழக ஓர் இணையதளம் செய்தோம். மூவரில் எனக்குத்தான் கணக்கு வராது. அது மற்ற இருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வராது என்று நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்தது. அந்தப் பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து அந்தாக்ஷரி பாடினோம். பிறகு வந்த ஆசிரியர்கள் எங்களுக்கு அதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். ப்ளஸ் டூவில் புத்தகத்திலிருந்த கணக்குகளை மனப்பாடப் பாட்டு மாதிரி உருப்போட்டு எழுதினேன். நல்ல மார்க் வந்தது. அந்த மார்க்கால்தான் என்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளிலேயே விழுந்தேன். அந்த அரியர் மூன்றாம் ஆண்டுவரை என்னோடு வந்துகொண்டிருந்தது. ரிசல்ட் வருகிற நாளில் வகுப்பில் எல்லோரும் ஒருவர் கைபேசியை ஒருவர் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பசிக்கிறது என்று சொல்லிவிட்டு நான் கேன்டீன் பக்கம் போய்விடுவேன்.

மூவரையும் ஒரு குழுவாகப் போட்டது எங்கள் துறை ஆசிரியர். தலைவியாக இருந்தவள் நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் பெரிய குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா மைன்ஸில் என்ஜினியர். இன்னொருவன் நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டியில் பஸ் மாறி வருகிறவன். அங்கே அவனுடைய அத்தா, அப்பாவை அப்படித்தான் சொல்வான், செருப்புக் கடை வைத்திருந்தார். என் வீடு டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே. அப்பாவும் மைன்ஸில்தான் வேலை செய்தார், ஆனால் கான்ட்ராக்ட்டில். கரி ஏற்றிப் போகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை அள்ளிப் போடுகிற வேலை. அவர்கள் இருவரிடமும் "அப்பா மைன்ஸ்ல" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவியின் வீட்டு முன்னறையில் வேலை செய்வோம். கேள்விகளை அவள் எழுதினாள். யார் என்ன போட்டார்கள் என்பதைச் சேமித்து வைக்கும் பகுதி நெல்லிக்குப்பத்தானுடையது. திரையில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் என் வேலை. நிறம், பொத்தான், எழுத்து, படம். இதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு தேவையில்லை. அதில் நான் கெட்டிக்காரியாகவே இருந்தேன். ஒரு பலாப்பழத்துக்குக் கண்ணும் வாயும் வைத்து வரைந்தேன். பதில் சரியாக இருந்தால் அது பல்லைக் காட்டிச் சிரிக்கும். தப்பாக இருந்தால் வாயைப் பிளந்து ஒப்பாரி வைக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பத்து நொடி. நொடிக்கு ஒரு டிக். கடைசி மூன்று நொடியில் திரையின் ஓரமெல்லாம் சிவப்பாகும்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்றான் நெல்லிக்குப்பத்தான்.

"அப்பதான் த்ரில்லா இருக்கும்" என்றேன்.

"ஆமா, கேம் மாதிரி இருக்கும்ல. பசங்களுக்குப் பிடிக்கும்" என்றாள் தலைவி.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தக் குழுவில் என்னால் ஆன காரியம் அதுதான். அதை நன்றாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

டவுன்ஷிப்புக்குள் இருந்த ஒரு பள்ளியில் முதன்முதலாகக் காட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஹாலில் தரையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் வெள்ளைத் திரை, புரொஜெக்டர், ஆண்டு விழாவுக்குப் பயன்படுத்துகிற பெரிய ஸ்பீக்கர். தலைமையாசிரியை முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கணக்கு டீச்சர் ஓரமாக நின்று கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

தலைவி நன்றாகப் பேசினாள். முதலில் சில கேள்விகள் வரும், அதில் எப்படிப் போடுகிறோம் என்று பார்த்து, எந்த வகுப்புப் பாடத்திலிருந்து பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று அதுவே சொல்லும் என்று விளக்கினாள். அவள் முடிப்பதற்குள் தலைமையாசிரியை கையை உயர்த்தினார்.

"பேசினது போதும்மா. உங்கள்ல ஒருத்தர் போட்டுக் காட்டுங்க. பிள்ளைங்க பார்க்கட்டும்."

என் முதுகில் ஒரு உள்ளங்கை பட்டது. தலைவியின் கை. மெதுவாகத்தான் தள்ளினாள். ஆனாலும் நான் இரண்டு அடி முன்னால் போய் மடிக்கணினி முன்னால் நின்றேன்.

பெயரைக் கேட்டது. தட்டினேன். என் பெயர் திரையில் ஆளுயரத்துக்குத் தெரிந்தது, அந்த எழுத்தின் அளவை வைத்ததும் நான்தான். முதல் கேள்வி, நாற்பத்தைந்தும் முப்பத்தெட்டும். எண்பத்து மூன்று போட்டேன். பலாப்பழம் சிரித்தது, பிள்ளைகள் கை தட்டினார்கள். இரண்டாவது கேள்வி, ஏழு பெருக்கல் எட்டு.

வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது நிதானமாகக் கேட்டால் எனக்கு அது தெரியும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். அன்றைக்கு அந்த டிக் சத்தம் ஆண்டு விழா ஸ்பீக்கரில் ஆணி அடிப்பது போல விழுந்தது. ஏழேழு நாற்பத்தொன்பது என்பது மனதில் வந்தது. அதோடு ஏழைக் கூட்ட வேண்டும் என்பதும் தெரிந்தது. கூட்டத்தான் முடியவில்லை. நாற்பத்தொன்பது நாற்பத்தொன்பதாகவே நின்றுகொண்டிருந்தது. ஓரம் சிவந்ததும் ஐம்பத்து நான்கு என்று தட்டினேன்.

"ஐம்பத்தாறு!" என்று ஹால் முழுக்க ஒரே குரலாகக் கேட்டது. பலாப்பழம் ஒப்பாரி வைத்தது.

அடுத்து வந்தது அதைவிட எளிதான கேள்வி. தப்பாகப் போட்டவர்களுக்கு எளிதானது வரும்படி செய்திருந்தோம். ஆறு பெருக்கல் நான்கு என்று நினைக்கிறேன். எனக்கு எண்களே தெரியவில்லை. நேரம் முடிந்துவிட்டது. அதற்கடுத்து இன்னும் எளிதாக ஒரு கழித்தல். அதிலும் நேரம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பலாப்பழம் அழுதது, ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். கடைசியில் நான் எழுதிய வாக்கியம் நான் தேர்ந்தெடுத்த இளஞ்சிவப்பு நிறத்தில், என் பெயருக்குக் கீழே வந்தது. 'பரவாயில்லை! நீங்கள் மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம்!'

தலைமையாசிரியை எழுந்து பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"பார்த்தீங்களா? இதைச் செஞ்ச அக்காவுக்கே வரல. அதனால யாரும் பயப்பட வேணாம். என்ன?"

"சரிங்க மிஸ்" என்றார்கள் எல்லோரும்.

பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாத்ரூமுக்குப் பையோடு யாரும் போக மாட்டார்கள் என்பது கேட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. டவுன்ஷிப் சாலைகள் நேராக, நீளமாக, இருபுறமும் மரங்களோடு, பகல் நேரத்தில் ஆளில்லாமல் கிடக்கும். அழுதுகொண்டே நடக்கத் தோதானவை. பிளாக் பிளாக்காக நடந்து ஆர்ச்சுக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கும் நடந்தே போனேன்.

கணக்கு டீச்சர் எடுத்த வீடியோ பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து பெற்றோர்களுக்கு. அப்பாவோடு வேலை செய்த ஒருவரின் மகளும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். அடுத்த நாள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, கால் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேச்செடுத்தார்.

"உன் வீடியோவ பஸ்ல எல்லாம் பார்த்துகினு இருந்தாங்கம்மா."

நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சிரிச்சாங்க. நான் சொல்ட்டேன். யோவ், அது தெரிஞ்சேதான்யா தப்பா போட்டுச்சி. தப்பா போட்டா அந்தப் பலாப்பழம் எப்டி அழுவுதுன்னு பசங்களுக்குக் காட்டணுமில்ல, அதுக்குன்னு சொன்னேன். அட, ஆமாம்பான்னு ஒத்துக்கினாங்க."

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்டிதானமா?"

"ஆமாம்பா" என்றேன்.

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ரசத்தை ஊற்றச் சொன்னார். அவர் அதை நம்பினாரா, நான் நம்ப வைத்தேனா, அல்லது எனக்காக அவரே கட்டிக் கொடுத்த பொய்யா என்று எனக்கு இதுவரை தெரியாது. ஒன்று தெரியும். கரித்தூள் படிந்த சட்டைகளோடு ஒரு பஸ் நிறைய ஆட்கள் சிரித்துக்கொண்டிருக்க, எழுந்து நின்று என் அப்பா எனக்காக வாதாடியிருக்கிறார். ஹாலில் பட்ட அவமானம் ஒரு பக்கம். இது வேறு மாதிரி இருந்தது. கல்யாண வீடுகளில் யாராவது அந்த வீடியோ பேச்சை எடுத்தால் இப்போதும் அவர் அதையேதான் சொல்கிறார், இப்போது இன்னும் நீட்டி, நான் எவ்வளவு யோசித்து அப்படிச் செய்தேன் என்றெல்லாம் சேர்த்து. நான் பக்கத்தில் நின்று புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருப்பேன்.

அந்த வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. கைபேசியை அணைத்து வைத்திருந்தேன். ஒரு மதியம் தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், தலைவி எங்கள் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. வரவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை. ஆர்ச்சுக்கு உள்ளே கரண்ட் போவது அபூர்வம், எங்கள் தெருவில் அது வழக்கம். வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். கொடியில் அப்பாவின் வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை துவைத்தாலும் போகாத கறுப்பு. அம்மா அவசரமாக நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, "உக்காரும்மா, உக்காரு" என்று சொல்லிவிட்டு, கலர் சோடா வாங்கக் கடைக்கு ஓடினாள். தலைவி உட்கார்ந்தாள். வியர்த்து வழிந்தது. விசிறிக்கொள்ள என் பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் எதையும் பார்க்காத மாதிரி இருந்தாள். அப்படி இருந்ததே எனக்குக் கூசியது.

"நான்தான்டி உன்னைத் தள்ளினேன்" என்றாள்.

"பரவால்ல."

"பரவால்ல இல்ல. எங்க என்னைக் கூப்பிட்டுருவாங்களோன்னுதான் தள்ளினேன்."

"உனக்கென்ன? கேள்வியெல்லாம் போட்டதே நீதானே."

"பதிலைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தானே போட்டேன். அந்தச் சத்தம் கேட்டா எனக்கும் ஒண்ணும் ஓடாதுடி."

அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னாளா, தெரியவில்லை. அந்த வேகத்தில் நான் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். எனக்கு முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் இருக்கிறது, இன்னும் எழுதி முடிக்கவில்லை என்றேன். அவள் விசிறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அரியர் எக்ஸாம் சமயத்துல டிபார்ட்மெண்ட் போர்டுல ஹால் டிக்கெட் நம்பர் ஒட்டுவாங்கல்ல. எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். அத்தனை ரிசல்ட் நாட்களிலும் நான் பசிக்கிறது என்று எழுந்து போனபோது, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பாட்டிலோடு மூச்சிரைக்க வந்தாள். தலைவி ஒரு பாட்டிலை முழுக்கக் குடித்தாள். போகும்போது, "வெள்ளிக்கிழமை திரும்ப ஸ்கூலுக்குப் போகணும். பசங்களுக்கு லிங்க் கொடுத்தோம்ல, ஒரு தடவை பார்த்ததோட சரி, யாரும் அதைத் திறக்கவே மாட்டேங்குறாங்களாம். நீயும் வரணும்" என்றாள்.

போக எனக்கு மனமில்லை. போனேன். வகுப்பு வாசலில் கால் வைத்ததும் ஒரு குரல் கேட்டது.

"மிஸ், ஏழெட்டக்கா வந்திருக்காங்க!"

வகுப்பே சிரித்தது. கணக்கு டீச்சர் அதட்டினார். நெல்லிக்குப்பத்தான் சட்டென்று எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, கரும்பலகையில் ஏதோ எழுத ஆரம்பித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன்.

ஏன் திறக்கவில்லை என்று தலைவி கேட்டாள். நெட் இல்லை என்றான் ஒருவன். அம்மா போன் தருவதில்லை என்றாள் ஒருத்தி. இடைவேளை மணி அடித்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி மட்டும் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு எந்தக் கிளாஸ் காட்டுச்சி? மூணாவதுதான?"

"ஆமா."

"எனக்கும் மூணாவதுதாங்க்கா" என்றாள், குரலைத் தாழ்த்தி. "எங்க தம்பி மூணாவது படிக்கறான். பக்கத்துல ஒக்காந்து பார்த்துகினு இருந்தான். வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். அதுக்கப்புறம் நான் தொறக்கவே இல்ல."

"எனக்குக் காட்டினதை எல்லாரும் பார்த்துட்டாங்க" என்றேன்.

"நானும் பார்த்தேன்" என்றாள் அவள். "நானும் சிரிச்சேங்க்கா."

அதற்குள் இன்னும் இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவதாகச் சொன்னாள் ஒருத்தி. ஒருவன் பலாப்பழம் அழுவதைக் கேட்டு அப்பா அடுத்த அறையிலிருந்து, "மறுபடியும் தப்பா?" என்று கத்துவதாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற தலைவியிடம் யாரும் பேசவில்லை. என்னிடம்தான் சொன்னார்கள். அதற்காகச் சந்தோஷப்படவேண்டும் என்று வீட்டுக்கு வரும் வழியில் தலைவி சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஹாலில் நான் நின்ற மாதிரி எத்தனை வீட்டுக்குள் எத்தனை பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள் என்றுதான் ஓடியது. அவர்கள் காதில் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது நான் செய்த கடிகாரம்.

கடிகாரத்தை எடுத்தேன். சத்தத்தை எடுத்தேன். எந்த வகுப்பு என்று சொல்வதையும் எடுத்துவிட்டு, நிலைகளுக்கு மரங்களின் பெயரை வைத்தோம். பலாப்பழத்தையும் தூக்கிவிடலாம் என்றேன்.

"இருக்கட்டும்" என்றான் நெல்லிக்குப்பத்தான். "அழ வேணாம். சும்மா பார்த்துகினு இருக்கட்டும்."

அப்படியே செய்தேன். தப்பாகப் போட்டால் அது பேசாமல் காத்திருக்கும். பெருக்கலாக இருந்தால் பக்கத்தில் புள்ளிகள் வரிசை வரிசையாக வரும், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அதை முதலில் பழகியவள் நான்தான். வேறு ஒரு பெயரில் உள்ளே போய், எல்லாவற்றுக்கும் கீழே இருந்த நிலையிலிருந்து தொடங்கினேன். கல்லூரிப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் கைபேசியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போடுவேன். கொஞ்ச நாள் கழித்து லேபில் நெல்லிக்குப்பத்தான் தன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"யாரோ ஒருத்தர் தெனமும் காலையில வகுத்தல் போட்டுகினே இருக்காங்க. கேள்வி தீர்ந்துபோவுது. இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை. "சரி" என்றேன்.

ஆண்டுக் கடைசியில் புராஜெக்டைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"க்விஸ்னா டைமர் வேண்டாமா? போட்டித் தேர்வுன்னாலே நேரம்தானேம்மா. இது தெரியாம எப்படி விட்டீங்க?"

தலைவி ஆங்கிலத்தில் ஏதோ அழகாக ஆரம்பித்தாள். அவளைப் பேசவிட்டிருக்கலாம். நான் குறுக்கே பேசினேன்.

"முதல்ல இருந்துச்சு சார். ஒரு ஸ்கூல்ல எல்லார் முன்னாடியும் நான்தான் போட்டுக் காட்டினேன். ஏழெட்டு ஐம்பத்து நாலுன்னு போட்டேன்."

எங்கள் துறை ஆசிரியர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். பேராசிரியர் என்னையே பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் எடுத்துட்டோம் சார். பசங்க பயப்பட்டாங்க."

அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த குழுவைக் கூப்பிடச் சொன்னார். மனம்விட்டுச் சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. காது மடல் சுட, வராந்தாவில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்து நெடுநேரம் முகம் கழுவினேன். எங்களுக்குச் சுமாரான மார்க்தான் வந்தது. டைமர் இல்லாததால் இருக்கலாம்.

பிள்ளைகள் முழுப் பரீட்சைவரை அதைப் பயன்படுத்தினார்கள். எல்லோரும் அல்ல, ஆனால் அந்த இரட்டைச் சடைப் பெண் பயன்படுத்தினாள் என்று கணக்கு டீச்சர் சொன்னார். பிறகு நாங்கள் இணையத்தில் இலவசமாக வாங்கியிருந்த இடத்தின் காலம் முடிந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், தளம் நின்றுபோனது. தலைவி இப்போது பெங்களூரில் இருக்கிறாள். நெல்லிக்குப்பத்தான் அத்தாவின் கடையைப் பார்த்துக்கொண்டு, ஊரில் மற்ற கடைகளுக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிறான். என் அரியர் கடைசி ஆண்டில் தீர்ந்தது. தேவையான மார்க்குக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வந்திருந்தது.

நான் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் திரை வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். வாரம் ஒருமுறை மீட்டிங் நடக்கும். பேச்சுவாக்கில் மேலாளர், "இருநூற்று நாற்பதுல பதினஞ்சு பர்சென்ட் எவ்வளவு வரும்?" என்பது மாதிரி எதையாவது கேட்பார். யாரையும் குறிப்பாகக் கேட்க மாட்டார். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் கூரையைப் பார்த்து யோசிப்பார்கள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, யாராவது ஒருவர் பதில் சொல்லி முடிக்கும்வரை குடித்துக்கொண்டிருப்பேன்.